கார்த்திகையில் ‘வீ’ இல்லை

என் தம்பி சொரிமுத்துவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது நேரம் குறித்தவள் நான். அந்த வேலையை இன்னொருவர் கையில் விட எனக்கு மனம் வரவில்லை. பிறந்த நேரம் தெரிந்தால்தான் நட்சத்திரம். நட்சத்திரம் தெரிந்தால்தான் எழுத்து. எழுத்து தெரிந்தால்தான் பெயர். எங்கள் வீட்டில் எழுத்தை மீறி யாருக்கும் பெயர் வைத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், ஆடிக் கார்த்திகை. இலஞ்சிக் குமரன் கோயிலுக்கு விடியும் முன்பே காவடிகள் போகத் தொடங்கிவிட்டன. அந்த வருஷத்துச் சாரலைப் போல் அப்புறம் நான் பார்க்கவில்லை. மலையின் முகம் தெரிந்து ஒன்பது நாளாகியிருந்தது. துணி எதுவும் காயவில்லை. கூடையைக் கவிழ்த்து, உள்ளே கங்கு வைத்து, மேலே சேலையைப் போர்த்தி உலர்த்தினோம். வீடு முழுக்க ஈரத்துணியும் சாம்பிராணியும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் அது எங்கிருந்தாவது மூக்கில் பட்டால் எனக்கு முப்பத்தெட்டு வயதாகிவிடுகிறது.

வெயில் இல்லாததால் நிழலைப் பார்த்து நேரம் சொல்ல வழியில்லை. அப்பா கொல்லத்தில் வாங்கி வந்த சுவர்க்கடிகாரம் ஆனி பிறந்தால் ஈரத்துக்குப் படுத்துக்கொள்ளும். அப்பா அதன் கண்ணாடிக் கதவைத் திறந்து ஏதோ செய்வார், ஓடும். என்ன செய்வார் என்று நாங்கள் யாரும் கேட்டு வைக்கவில்லை. தை மாதம் அவர் காலமாகிவிட்டார்.

முதல் பிரசவம் பெண் வீட்டில் நடப்பதுதான் முறை. தம்பி மனைவி முத்துவடிவுக்குப் பிறந்த ஊர் வாசுதேவநல்லூர். தாய் தகப்பன் இல்லை. அண்ணன் இசக்கிப்பாண்டி ஒருவன்தான். அவனும் கல்யாணம் ஆகாதவன். பெண் துணையில்லாத வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்ப முடியாது என்று நான்தான் நிறுத்திக்கொண்டேன். நான் வாழ்க்கைப்பட்டது அதே தெருவில், நாலு வீடு தள்ளி. என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் பிறந்த வீட்டுச் சாவியும் என் இடுப்பில்தான் இருந்தது.

அன்று காலை மருத்துவச்சி மாடத்தி உள்ளே இருந்தாள். நான் பட்டாசல் கூடத்தில் அறை வாசலை ஒட்டி நின்றேன். தகப்பனாகப் போகிறவன் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தான். “இங்கன நின்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாதுக்கா. அருவிக்குள்ள நின்னா சத்தமாவது கேக்காது” என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான்.

வயலுக்கு அந்தப் பக்கம் ரயில் கூவியது. அதே மூச்சில் உள்ளே பிள்ளை அழுதது.

“ஆம்பளப் பிள்ள, ஆச்சி!” என்று மாடத்தி கத்தினாள்.

“மணி ஒன்பதே முக்கால்” என்று நான் உரக்கச் சொன்னேன், முற்றத்தில் நின்றவர்கள் காதிலும் விழும்படி.

செங்கோட்டையிலிருந்து தென்காசிக்குப் போகிற காலை வண்டி எங்கள் ஊரை ஒன்பதே முக்காலுக்குத் தாண்டும். தெருவில் பெண்கள் மதியச் சோற்றுக்கு உலை வைப்பது அந்தக் கூவலைக் கேட்டுத்தான். கடிகாரம் பொய் சொன்னாலும் ரயில் சொல்லாது என்று அப்பாவே சொல்வார். ஆகவே நான் யோசிக்கவில்லை.

பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர்த் தவலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது இன்னொரு கூவல் கேட்டது. கூட்ஸ் வண்டி என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்றுதான் இதை எழுத வேண்டும்.

தலை ஈரம் சொட்ட வந்து சேர்ந்த தம்பியை அப்படியே தென்காசிக்கு விரட்டினேன். வாடிக்கை வண்டிக்காரர் முகம்மது மீரானைக் காணவில்லை. தம்பி நடந்தே போய், கீழ ரதவீதியில் இருந்த குற்றாலலிங்க ஜோசியரைப் பார்த்துவிட்டு மதியம் தாண்டி வந்தான். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

“அக்கா, கார்த்திகை ஒன்பதரையோட முடிஞ்சிட்டாம். அதுக்கு மேல ரோகிணியாம். ஒ, வ, வி, வு. நாலுல எந்த எழுத்துலயும் வைக்கலாம், குறிலு நெடிலு பாக்க வேண்டாம்னு சொல்லிட்டாரு.”

நான் சந்தோஷத்துக்கும் அழுவதில்லை. அன்று சாமான் வைக்கும் உக்கிராண அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீட்டில் மூத்த மகன்களுக்கு இரண்டே பெயர்கள்தான். வீரபாகுவுக்குச் சொரிமுத்து பிறப்பான்; சொரிமுத்துவுக்கு வீரபாகு பிறப்பான். நான்கு தலைமுறையாக இந்த முறையும் ஜோசியர் சொல்லும் எழுத்தும் மோதிக்கொண்டதே இல்லை. மோதியதாக யாரும் எழுதி வைக்கவும் இல்லை. அப்பா பெயர் வீரபாகு; ‘வி’ வந்துவிட்டதால் பிள்ளைக்கும் அதுவே. கடைசி நாட்களில் வாய் குழறிப்போன பிறகும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பேர விட்டுராத, பார்வதி” என்றார். குமரனின் படைத்தலைவர் பெயர் அது. இலஞ்சியில் எங்கள் வீட்டுக்கு வேறு அடையாளமே கிடையாது. வீரபாகு வீடு என்றால் வெளியூர் ஆளும் நேரே வந்து நிற்பான்.

பிள்ளை காதில் பெயரைச் சொல்வது அத்தையின் உரிமை. அந்த வீட்டுக்கு நான் ஒருத்திதான் அத்தை.

ஐந்தாம் நாள் முத்துவடிவுக்குப் பிரசவக் காய மருந்து உருண்டை கொடுக்கப் போனேன். உருண்டையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“மதினி, நேரம் சரியாப் பாத்தீங்களா?”

“ஏன்?”

“ரோகிணின்னு சொல்லுதாங்களே.”

“கிருஷ்ணன் பொறந்த நட்சத்திரம். கசக்குதோ?”

“கிருஷ்ணன் பொறந்து அவரு மாமனுக்கு என்ன ஆச்சுன்னும் சொல்லுதாங்களே.”

ரோகிணியில் பிறந்த ஆண் பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. மாமன் பிள்ளையின் முகத்தை நேரே பார்க்கக் கூடாது. கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பார்கள். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் இசக்கிப்பாண்டிக்குச் சிவகிரியில் அப்போதுதான் பெண் பேசி முடித்திருந்தார்கள். தங்கையைக் கரையேற்றிவிட்டுத்தான் எனக்கு என்று முப்பத்திரண்டு வயது வரை நின்றவன். தாய் இறந்தபோது முத்துவடிவுக்கு நாலு வயது. குளிப்பாட்டித் தலைசீவிப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிப் போனவன் அவன்தான். இரண்டு சம்பந்தம் ஏற்கெனவே தட்டிப் போய், இது மூன்றாவது. மருமகன் ரோகிணி என்றால் மாப்பிள்ளையின் ஆயுசைச் சிவகிரிக்காரர் சந்தேகப்படுவார். முத்துவடிவுக்குப் பயம் அதுதான்.

“எங்கப்பாவும் ரோகிணிதான். அவுக தாய்மாமா தொண்ணூறு வயசுல, கடவாய்ப் பல்லோட போய்ச் சேந்தாக” என்றேன்.

“அவுகளுக்கு அதுக்கு முந்தியே பொண்ணு குடுத்தாச்சே, மதினி. எங்க அண்ணனுக்கு இன்னும் குடுக்கலையே.”

“பேரு பிடிக்கலன்னா நேராச் சொல்லு” என்றேன்.

“அய்யோ, பேருக்காவ நான் கேக்கல.”

அது உண்மைதான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதில் முத்துவடிவு மிகவும் கெட்டி. வீரகேரளம்புதூர் என்ற ஊரைக்கூடச் சுரண்டைப் பக்கத்து ஊர் என்றுதான் சொல்வாள். “அந்தப் பேரே வைங்க. நான் அய்யான்னு கூப்பிட்டுக்கிடுதேன்” என்றாள். பிறகு மெதுவாக, “அன்னைக்கு ரயிலு ரெண்டு தடவை கூவிச்சு, மதினி. ஒண்ணு இவன் அழையில. இன்னொண்ணு மாடத்தி எனக்கு வயித்துல துணி கட்டையில. அது எந்த வண்டி?” என்று கேட்டாள்.

“கூட்ஸ்.”

“சரி” என்றாள். உருண்டையை வாயில் போட்டு மென்றாள். அந்தச் ‘சரி’ எனக்குப் பிடிக்கவில்லை.

எட்டாம் நாள் வாசுதேவநல்லூரிலிருந்து ஆள் வந்தது. கருப்பட்டி ஒரு சிப்பம், நல்லெண்ணெய் ஒரு தகர டப்பா, ஒரு கடிதம். இசக்கிப்பாண்டி தனக்கு வந்த அச்சத்தையும் கேலியாகத்தான் எழுதியிருந்தான். ‘எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். மருமகனை எண்ணெயில் பார்ப்பதா, கண்ணால் பார்ப்பதா என்று பார்வதி அக்கா சொல்லுகிறபடி. எண்ணெய் மிஞ்சினால் தோசைக்கு ஆகும்.’ கீழே கடைசி வரியில் மட்டும் கேலி இல்லை. ‘பெயர் வைக்கிற அன்று சிவகிரியிலிருந்தும் வருகிறார்களாம். எழுத்தைக் காதால் கேட்டுவிட்டு மேற்கொண்டு பேசலாம் என்கிறார்கள்.’

ஆக, பதினாறாம் நாள் என் வாயிலிருந்து வரும் முதல் எழுத்துக்காக ஒரு கல்யாணம் காத்திருந்தது. நான் பலகாரத்துக்கு அரிசி புடைக்கச் சொன்னேன். வேறு எதையும் யோசிக்க மறுத்தேன்.

பதின்மூன்றாம் நாள் மீரான் வந்தார். பெயர் வைக்கும் நாளுக்கு வண்டி வேண்டுமா என்று கேட்க வந்தவர்.

“என்னவே மீரான், பிள்ள பொறந்த அன்னைக்கு ஆளையே காணும்? தம்பி தென்காசிக்கு நடந்தே போனான்.”

“அன்னைக்கா? அன்னைக்கு எனக்குப் பெருநாளுல்லா ஆச்சி! கொல்லத்துலேருந்து ஸ்பெஷலு ஒண்ணு விட்டானுவ, சீசனுக்குன்னு. மலையாளத்தாளுவ வண்டி வண்டியா எறங்குதாங்க. அஞ்சு நடை குத்தாலத்துக்கு. சாயங்காலம் பாத்தா என் குதிரைக்கே மலையாளம் வந்துட்டு.”

“ஸ்பெஷலா? அது எத்தன மணிக்கு?”

“ஒன்பது. டேஷன் மணியைப் பாத்துட்டே நிக்கேன், டாண்ணு ஒன்பது. மொத நடைய விட்டுட்டுத் திரும்பி வாறேன், அப்பத்தான் நம்ம காலை வண்டி கூவுது. ஏன் ஆச்சி, யாரும் வாறதா இருந்தாகளா?”

“இல்ல” என்றேன்.

கூட்ஸ் வண்டி அந்த நேரத்தில் எங்கள் பக்கம் வருவதே கிடையாது. முப்பது வருஷமாக அந்தப் பாதையைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு அது தெரியாதா? தெரியும். தவலையைத் தூக்கிக்கொண்டு நின்றபோதே தெரியும். ஆனால் அப்போது ஜோசியரிடம் ஆள் போகவில்லை. ரோகிணி எப்போது பிறக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஆகவே நான் பொய் சொல்லவில்லை. முத்துவடிவு கேட்டாளே, ஐந்தாம் நாள்? அன்று சொன்னது பொய்தான். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

“வண்டியத் திருப்பும். தென்காசி போகணும்” என்றேன்.

குற்றாலலிங்க ஜோசியர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தைத் திறக்கக்கூட இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒன்பதுன்னா கார்த்திகைதான். சந்தேகமே இல்ல. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. ‘வீ’ வராதும்மா. உங்க அப்பா பேரு போயிருமே.”

“தெரியும்.”

“ஒண்ணு செய்யலாம். நீங்க சொன்ன நேரம் சரி, நாழிகைக் கணக்குல நாந்தான் பிசகிட்டேன்னு சொல்லுதேன். எனக்கு வயசாச்சு, ஜனங்க நம்பிரும். உங்க மேல பேச்சு வராது.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

“எங்க வீட்டுத் தப்ப வெளியாளு தலையில எறக்கி வச்ச பழக்கம் எங்களுக்கு இல்ல. நேரம் பாத்தது நான். நானே சொல்லிக்கிடுதேன்.”

வீட்டுக்கு வந்து தம்பியிடமும் முத்துவடிவிடமும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். தம்பிக்கு எப்போதும் குறுக்குவழிதான் தெரியும்.

“எழுத்து என்னக்கா பெரிய எழுத்து? வீரபாகுன்னே வச்சிட்டு, நட்சத்திரம் கார்த்திகைன்னு சொல்லிட்டாப் போச்சு.”

“கார்த்திகைக்காரனுக்கு ‘வீ’யில பேரு வச்சா எவன்லே நம்புவான்? ரோகிணிய மறைக்கோம்னு சொல்ல மாட்டான்? அதுவுமில்லாம, எழுத்துக்கு மாறா இந்த வீட்டுல பேரு வச்சதில்ல. நான் இருக்கையில விடவும் மாட்டேன்.”

முத்துவடிவு பிள்ளையைத் தட்டிக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தாள். தூங்கி எழுந்த பிள்ளை என் அப்பாவைப் போலவே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தது. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற வழக்கமும் அந்தக் காலத்தில் இல்லை. “பேர நீ சொல்லு. அ, இ, உ, எ. நீ சொல்லுத பேர நான் காதுல சொல்லுதேன்” என்றேன்.

ஆறுமுகம் என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆடிக் கார்த்திகையில் பிறந்த ஆறுமுகங்கள் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து பேர். ஆறாவதாக ஒருவன் இருந்துவிட்டுப் போகட்டும்.

“உலகநாதன்” என்றாள்.

தென்காசியில் அம்பாள் உலகம்மன். சாமி பெயரில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவளுடைய தாய் பெயர் உலகம்மாள். எங்கள் வீட்டுத் தலைப்பிள்ளைக்குப் பெண் வீட்டுப் பெயர்!

“இந்த வீட்டுல அப்படி வச்சதில்ல” என்றேன்.

“வச்சதில்ல, மதினி. சும்மா சொல்லிப் பாத்தேன். வேற யோசிக்கேன்.”

அவள் கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன். சும்மா சொல்லிப் பார்த்தேன் என்றதுதான் என்னைக் கட்டிப்போட்டது. நீ சொல்லு என்று சொன்னவள் நான். கொடுத்த வாக்கை அரை நாழிகைக்குள் திருப்பி வாங்குவது வீரபாகு மகளுக்கு அழகில்லை.

“யோசிக்க வேண்டாம். உலகநாதன்தான்” என்று சொல்லிவிட்டு, பலகாரத்துக்கு ஊறப்போட்ட அரிசியைப் பார்க்கப் போய்விட்டேன்.

பதினாறாம் நாள் பட்டாசல் கொள்ளாமல் கூட்டம். சாரல் அன்று சற்று விட்டிருந்தது. முற்றத்தில் வெளிச்சம் விழுந்தது. சிவகிரியிலிருந்து பெண்ணின் தகப்பனாரும் இரண்டு பங்காளிகளும் வந்து தூணை ஒட்டிப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கொடுத்த மோரைத் தொடவில்லை. இசக்கிப்பாண்டி வீட்டுக்குள் வரவில்லை. கோயில் மண்டபத்தில் இருக்கிறேன், கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

நான் காஞ்சிபுரம் சேலை கட்டி, அம்மாவின் அட்டிகை போட்டிருந்தேன். குனிந்து பேச வேண்டிய நாளில் நிமிர்ந்து நிற்பதற்கு உடுப்பும் வேண்டும். பிள்ளையை வாங்குவதற்கு முன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. பிள்ள பொறந்தது ஒன்பதே முக்காலுன்னு நான் சொன்னேன். அது தப்பு. அன்னைக்கு ஒன்பது மணிக்கு ஒரு ஸ்பெஷல் போயிருக்கு. அத நம்ம காலை வண்டின்னு நெனச்சிட்டேன். பெறகு ரெண்டாவது கூவலும் என் காதுல விழுந்திச்சு. நான் கணக்குல எடுக்கல. பிள்ள கார்த்திகை. ஜோசியர்ட்டயும் சொல்லியாச்சு.”

சிவகிரிக்காரர் தொண்டையைச் செருமினார்.

“ரெண்டு வாரமா ரோகிணி. நாங்க வந்து உக்காந்ததும் கார்த்திகை. மத்தியானம் சாப்பிட்டு எந்திரிச்சா என்னவா இருக்கும், ஆச்சி?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் வாழ்நாளில் அந்த வீட்டுக்குள் வைத்து என்னை ஒருவர் பொய்க்காரி என்றது அதுதான் முதல் தடவை. நாசூக்காகச் சொன்னார், அதனால் இன்னும் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். ஒரு தரம் தப்பாகச் சொன்ன வாயிலிருந்து வரும் உண்மைக்கு விலை குறைவு என்பது அப்போதுதான் தெரிந்தது. மீரானைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். என் வண்டிக்காரர் எனக்குச் சாட்சி சொன்னால் அதையும் சிரிப்பார்கள்.

“அய்யா, நான் யாரு மகள்னு தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாம என்ன. வீரபாகு அண்ணாச்சி மக.”

“ரோகிணின்னா இவன் பேரு வீரபாகு. நாலு தலைமுறைப் பேரு. எங்கப்பா சாகையில என் கையப் பிடிச்சுக் கேட்ட பேரு. கார்த்திகைன்னா அது கிடையாது. உங்க வீட்டுப் பொண்ணுக்காவ நான் பொய் சொல்லணும்னா, எங்கப்பா பேரையா வித்துச் சொல்லுவேன்?”

பக்கத்தில் இருந்த பங்காளி சிவகிரிக்காரரின் தொடையைத் தட்டினார். அப்போது அடுத்த வீட்டு வள்ளித்தாய், கூட்டத்தின் நடுவிலிருந்து, பெரிய கண்டுபிடிப்பு மாதிரிக் கத்தினாள்.

“அதான் பாத்தேன்! அன்னைக்குக் கூவலக் கேட்டு முந்தியே உலை வச்சுட்டேன்! சோறு குழைஞ்சு களியாப் போச்சு. எங்க மாமியா அந்தக் களியக் காட்டிக் காட்டி ஒரு வாரம் ஏசுனா. ஏ அத்த, இப்பச் சொல்லு, தப்பு என் பேருலயா, ரயிலு பேருலயா?”

“உன் பேருலதான். களியானப் பெறவாவது எறக்கணும்ல!” என்று அவள் மாமியார் ஒரு மூலையிலிருந்து சொன்னாள்.

பட்டாசல் முழுக்கச் சிரிப்பு. சிவகிரிக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மோர்ச் செம்பை எடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை முத்துவடிவு செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மணையில் உட்கார்ந்தேன். முத்துவடிவு பிள்ளையை என் மடியில் வைத்தாள். வெற்றிலையைக் காதருகே மறைத்துப் பிடித்து, குனிந்து, மூன்று முறை சொன்னேன். “உலகநாதன். உலகநாதன். உலகநாதன்.” பின்னாளில் சொந்தக்காரர்கள் சிலர், முதலில் ரகசியமாக அப்பா பெயரைத்தானே சொன்னாய் என்று கேட்டதுண்டு. இல்லை. காதுக்குள் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். பிள்ளைக்கு இரண்டு பெயர் சொல்லிக் கள்ளத்தனம் கற்றுக்கொடுக்க நான் அங்கே உட்காரவில்லை. ஆனால் மூன்றாவது முறை சொல்லும்போது என் குரல் சரியாக வரவில்லை. அது வெற்றிலைக்கும் எனக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரியும்.

தம்பி ஓடிப்போய் இசக்கிப்பாண்டியைக் கூட்டி வந்தான். வாசல் வரை வேகமாக வந்தவன் நிலைப்படியில் நின்றுவிட்டான். “எண்ணெய் வேண்டாமா?” என்றான்.

“தோசைக்கு வச்சிருக்கோம். உள்ள வா” என்றேன்.

பிள்ளையைக் கையில் வாங்கினான். தங்கையைத் தூக்கிப் பழகிய கை. கழுத்தைத் தாங்கிய விதத்திலேயே தெரிந்தது. தன் தாய் பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாப்பாடெல்லாம் ஆன பிறகு என்னைத் தேடி அடுக்களை வாசலுக்கு வந்தான்.

“அக்கா, எனக்காவ நீங்க உங்க அப்பா பேரையே...”

“உனக்காவ ஒண்ணுமில்லப்பா. அவன் பொறந்தது ஒன்பது மணிக்கு. அவ்வளவுதான். போய் வெத்தல போடு.”

ஆவணியில் சிவகிரியில் கல்யாணம். மாப்பிள்ளையின் தங்கை வீட்டார் என்று எங்களுக்கு முன்வரிசை. போய் இறங்கியதுமே எனக்கு அங்கே ஒரு பெயர் விழுந்துவிட்டது தெரிந்தது. பெண்ணின் தகப்பனார் வருகிற போகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, “இவுகதான் ஒன்பது மணி ஆச்சி” என்றார். கேலி பாதி, மரியாதை பாதி. கேலி எந்தப் பாதி, மரியாதை எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. சின்னப் பிள்ளைகள்கூடத் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “ஒன்பது மணி ஆச்சி, இப்ப மணி என்ன?” என்று கேட்டுவிட்டு ஓடின.

எழுந்து போய்விடத்தான் நினைத்தேன். மீரான் வெளியே வண்டியோடு இருந்தார். ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் உலகநாதன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அத்தனை மேளத்துக்கும் அசையாமல், வாயைப் பாதி திறந்துகொண்டு, என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிப் பிடித்தபடி தூங்கினான். அவன் விழிக்கட்டும், பிறகு புறப்படலாம் என்று இருந்தேன். தாலி கட்டினார்கள். பந்தி போட்டார்கள். இரண்டாம் பந்தியும் எழுந்தது. அவன் விழிக்கவில்லை.